மூணு தட்டினா மூடியைத் திற

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இது நடந்தது. 2025 ஜூன் 25, புதன்கிழமை, ஆனி அமாவாசை. நேரம் பகல் ஒன்றே முக்காலிலிருந்து மூன்று இருபத்தொன்று வரை. நடுராத்திரி இல்லை, சுடுகாடு இல்லை, புளியமரம் இல்லை. மண்டையைப் பிளக்கிற வெயிலில் நடந்தது. இடம், திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் ரோட்டில், உப்பளம் வருவதற்கு முன்னால் ஒரு சவுக்குத் தோப்பு. அந்தத் தோப்புக்குள் ஒரு படகு நின்றது.

நடந்தது சேரனுக்கு. அவனே போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னான். எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டான். அப்புறம் ஒருநாள், ‘நான் அப்படியெல்லாம் சொல்லவே இல்லை’ என்று மாற்றிப் பேசினான். அந்தக் கூத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

சேரனுக்குத் திண்டிவனத்தில் பேட்டரி கடை. டிராக்டர் பேட்டரி, லாரி பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி எதுவானாலும் அவனிடம்தான் வரும். “செத்த பேட்டரிக்கு உசிரு குடுக்குறவன் நான்” என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வான். பொய் சொல்லக் கூடாது, கை சுத்தமான வேலைக்காரன்தான். வாய்தான் சுத்தமில்லை.

படகு புதுச்சேரிக்காரர் சாந்தனுவுடையது. பாய்மரப் படகு. அதிலேயே வீடு மாதிரி சமைத்துச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மாசக்கணக்கில் கடலைச் சுற்றுகிறவர் அவர். உள்ளே ஃபிரிட்ஜ், விளக்கு, ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாம் உண்டு. அத்தனைக்கும் கரண்ட் கொடுப்பது அறையில் பெஞ்சுக்கு அடியில் இருக்கும் நான்கு பேட்டரிகள். என்ஜினை ஸ்டார்ட் பண்ணும் பேட்டரி வேறு. இவை வீட்டுச் செலவுக்கு. ஒவ்வொன்றிலும் மூன்று செல், செல்லுக்கு ஒரு மூடி, மொத்தம் பன்னிரண்டு மூடி. அடிப்பாகம் பழுது பார்ப்பதற்காக லாரியில் ஏற்றி வந்து, தோப்புக்குள் இரும்புத் தாங்கிகள் மேல் படகை நிறுத்தியிருந்தார்கள். பத்தடி ஏணி ஏறினால் மேல்தளம். தளத்தில் ஒரு மேல்மூடி. அதைத் திறந்து இறங்கினால் அறை.

பேட்டரி வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சார்ஜ் ஏறும்போது உள்ளே குமிழி விடும். குமிழியில் காஸ் வரும். அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. திறந்த வெளியில் அது பாட்டுக்குப் போய்விடும். மூடிய அறையில் சேர்ந்தால் ஒரு பொறி போதும். லைட் ஸ்விட்சைப் போடும்போது உள்ளே தெறிக்கிற பொறிகூடப் போதும். அதனால்தான் மேல்மூடியைத் திறந்து வைத்து, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு வேலை செய்வார்கள்.

இந்தப் படகில் வேலை என்றால் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே பேட்டரியோடு, ஒருவர் தளத்தில் சார்ஜரோடு. சார்ஜர் போடும் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் இருதயமேரி. படகின் சுவரில் ஒரு தட்டு தட்டினால், சார்ஜரைப் போடு. இரண்டு தட்டினால், நிறுத்து. மூணு தட்டினால், வெளியே வருகிறேன், மேல்மூடி சாத்தியிருந்தால் மூடியைத் திற.

இருதயமேரி சேரன் கடையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவர். சேரனைவிடப் பத்து வயசு மூத்தவர். ஆனாலும் அவனுக்கு நல்ல மூடு இருந்தால்தான் “யக்கா”, இல்லாவிட்டால் வெறும் “மேரி”. ஒவ்வொரு செல்லிலும் ஆசிட்டின் கனத்தை, அதாவது கிராவிட்டியை அளந்து, அந்த எண்ணைச் சாக்பீஸால் பேட்டரி மேலேயே எழுதி வைப்பார். காலியான செல் 1120 காட்டும். ஏற ஏற எண்ணும் ஏறும். 1265 வந்தால் நிறைந்தது. நிறைந்ததும் எண்ணுக்குக் கீழே ஒரு சின்னச் சிலுவை போடுவார். வேலை முடிந்தது என்று அர்த்தம்.

“இன்னாக்கா, பேட்டரிக்கு ஞானஸ்நானம் பண்றியா?” என்று சேரன் கிண்டல் பண்ணுவான்.

“முடிஞ்சதுக்குத்தான் தம்பி சிலுவை. முடியாததுக்குப் போட மாட்டேன்” என்பார் அவர்.

அதற்கு முந்தின வருஷம், இதே படகுக்குள், பேட்டரி வெடித்து இருதயமேரி செத்துப்போனார். ஆசிட்டும் தீயும் சேர்ந்து, முகம் யாருக்கும் காட்டும்படி இல்லை. மழை வந்ததென்று மேல்மூடியை அவரே மூடிக்கொண்டார், உள்ளே கொசுவத்தி கொளுத்தினார், அதனால் வெடித்தது என்று சேரன் எல்லாரிடமும் சொன்னான். உள்ளே பாதி எரிந்த கொசுவத்தித் தட்டும் கிடந்தது. ஊர் நம்பியது. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட, “பதினாறு வருஷம் பாத்த வேலைல இப்படியா அஜாக்கிரதையா இருப்பாங்க?” என்று அவர் மகள் மலர்விழி காதில் விழும்படியே பேசிவிட்டுப் போனார்கள். அந்தப் பெண் திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறாள். “எங்க அம்மா பேட்டரி கிட்ட ஊதுவத்திகூட கொளுத்தாது” என்று அவளும் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்?

சேரன் சொன்னது பொய். அது சேரனுக்கும் செத்துப்போனவருக்கும் மட்டுமே தெரியும். செத்தவர் வாயைத் திறக்க மாட்டார் என்று அவன் நிம்மதியாக இருந்தான்.

சாந்தனு படகைச் சரிபண்ணி, நான்கு பேட்டரியையும் புதிதாக வாங்கிப் போட்டார். அப்புறம் வெளியூர் போய்விட்டார். ஆறு மாசம் சார்ஜ் ஏற்றாமல் விட்டால் புதுப் பேட்டரியும் செத்துதான் போகும். உள்ளே தகடு வெள்ளை பூத்துவிடும். அதற்கு உயிர் கொடுக்கணும் என்றால் மணிக்கணக்கில், குமிழி கொதிக்கக் கொதிக்க ஏற்ற வேண்டும். சாந்தனு போன் பண்ணினார். “புதன்கிழமை போய் முடிச்சுடறேன் சார்” என்றான் சேரன். புதன்கிழமை என்ன தேதி என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவனுக்கு உறைத்திருக்குமா, சந்தேகம்தான்.

பகல் 1.45. சேரன் லோடு ஆட்டோவில் போய் இறங்கினான். காவல்காரர் சின்னக்கண்ணு, வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு கேட்டில் நின்றார்.

“நல்ல நேரத்துல வந்தீங்க. நான் மலையனூரு கோயிலுக்குக் கெளம்பிக்கினு இருந்தேன். அமாவாசை. இந்தாங்க சாவி.” அவர் ஆட்டோவை எட்டிப் பார்த்தார். “தனியாவா வந்தீங்க? உள்ள ஒரு ஆளு, வெளிய ஒரு ஆளு வேணுமே.”

“நான் பாத்துக்குறேன். நீங்க ஜல்தியா போங்க, பஸ்சு போய்டப் போவுது.”

சின்னக்கண்ணு போய்விட்டார். தோப்பில் சேரன் மட்டும்தான்.

கொட்டகையிலிருந்து ஒயர் இழுத்துத் தளத்துக்குக் கொண்டுவந்தான். ஒயர் முனையில் இரண்டு பிளக் போடுகிற பெட்டி. ஒன்றில் சார்ஜர், இன்னொன்றில் எக்ஸாஸ்ட் ஃபேன். பிளக்கைச் செருகியதும் ஃபேன் ஓடியது. சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. கரண்ட் இருக்கிறது. சார்ஜரின் ஸ்விட்சை அணைத்து வைத்துவிட்டு, மேல்மூடியைத் திறந்து உள்ளே இறங்கினான். கிளிப் மாட்டி முடித்து மேலே வந்து போட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு.

மணி 2.05. பெஞ்சுப் பலகையை எடுத்தான். பன்னிரண்டு மூடியையும் கழற்றினான். எதிர்பார்த்தபடி தகடெல்லாம் வெள்ளை. ஹைட்ரோமீட்டரை விட்டு முதல் செல்லை உறிஞ்சினான். 1120. எழுதுவதற்குச் சட்டைப்பையில் சாக்பீஸைத் தேடினான்.

பேட்டரி மேல் ஏற்கெனவே எழுதியிருந்தது.

1120.

அடுத்த செல்லை அளந்தான். 1125. அதன் மேலும் 1125. மூன்றாவது 1115. மேலே பார்த்தான். 1115. ஒன்றுக்குத் தலையில் ஒரு கொண்டை, இரண்டுக்கு அடியில் ஒரு சுழி. இந்தக் கையெழுத்தை அவன் பதினாறு வருஷம் பார்த்திருக்கிறான்.

பழைய எழுத்து என்று மனசு சொன்னது. பழைய பேட்டரிதான் வெடித்துப் போயிற்றே, இது அவர் செத்த பிறகு வாங்கியது என்று அதே மனசு திருப்பிச் சொன்னது. சேரன் கந்தலை எடுத்துப் பன்னிரண்டு எண்ணையும் அழுத்தித் துடைத்தான். வேற எவனோ மெக்கானிக் வந்து பார்த்திருப்பான் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான்.

மணி 2.20. கிளிப்புகளை மாட்டினான். பழக்கதோஷம்... யோசிக்காமல் கை நீண்டு சுவரில் ஒரு தட்டு தட்டிவிட்டது.

டொக்.

மேலே ‘கிளிக்’ என்றது. சார்ஜர் உறுமத் தொடங்கியது.

சேரன் அப்படியே குந்தியிருந்தான்.

“சின்னக்கண்ணு அண்ணே? போவலியா நீங்க?”

ஏணியில் ஏறித் தலையை நீட்டிப் பார்த்தான். தளத்தில் யாருமில்லை. கீழே மணலில் அவன் காலடி மட்டும். சார்ஜரின் ஸ்விட்ச் போட்டபடி இருந்தது. நான்தான் அணைக்காமல் வந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டான். அணைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தாலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டான். பயந்தவனுக்கு ஏதாவது ஒரு சமாதானம் வேண்டுமே. எப்படியும் போடவேண்டியதுதானே என்று திரும்ப உள்ளே இறங்கினான்.

2.40. பேட்டரி கொதிக்க ஆரம்பித்தது. பன்னிரண்டு வாயிலும் குமிழி. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்டில் வாட்டர் கேனை எடுக்கத் திரும்பினான். காலடியில் ஏதோ இடறியது.

ஒரு பிளாஸ்டிக் மக்கு. அதில் சோடா உப்பு கரைத்த தண்ணீர்.

ஆசிட் பட்டால் கழுவுவதற்கு இருதயமேரி எப்போதும் வலது கைப் பக்கம் வைத்துக்கொள்வது அது. சேரன் அப்படி வைத்ததே கிடையாது. இன்றைக்கும் கொண்டுவரவில்லை. தண்ணீர் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது, இப்போதுதான் யாரோ கலக்கி வைத்தது மாதிரி.

துடைத்த பேட்டரியைப் பார்த்தான். மறுபடியும் எண்கள். பன்னிரண்டும். ஏறியிருந்தன. 1150... 1155... 1150.

போதும். கிளம்பிவிடலாம்.

2.58. ஃபேன் நின்றது.

ஏணியில் கால் வைத்தான். மேலே பார்த்தான். மேல்மூடி மெதுவாக... மிக மெதுவாக... வானத்தை மறைத்துக்கொண்டு இறங்கியது. யாரும் வேகமாகச் சாத்தவில்லை. உள்ளே இருப்பவரை எழுப்பக் கூடாது என்பது போல் பதமாகச் சாத்தினார்கள். அப்புறம் இரும்பு உரசும் சத்தம்.

கொண்டி மாட்டியாகிவிட்டது.

“யார்ரா அது! தெறடா! உள்ள ஆளு இருக்கேன்!”

தோளால் முட்டினான். அசையவில்லை.

3.02. மழை.

தளத்தின் மேல் சடசடவென்று மழை. சற்று முன்னால் ஒரு பொட்டு மேகம் இல்லாத வானத்தை அவனே பார்த்தான்.

சார்ஜரை நிறுத்தணும். சுவரில் இரண்டு தட்டு தட்டினான்.

டொக். டொக்.

உறுமல் நிற்கவில்லை. கூடியது. பன்னிரண்டு வாயும் சோறு பொங்குவது போல் பொங்கின. ஆசிட் ஆவி கண்ணில் பட்டு எரிந்தது. தொண்டை கமறியது. கிளிப்பைப் பிடுங்கலாமா? பிடுங்கினால் பொறி வரும். காஸ் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

அவனுக்குத் தெரியும். நிறையச் சேர்ந்துவிட்டது.

3.10.

டொக். டொக். டொக்.

மூணு தட்டு. மூடியைத் திற.

மேலே காலடிச் சத்தம். யாரோ தளத்தில் நடந்து வந்து மூடிக்குப் பக்கத்தில் நின்றார்கள். சேரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தான்.

“இரு... வர்றேன்.”

அது அவனுடைய குரல்.

சேரன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். அவன் பேசவில்லை. ஆனால் குரல் அவனுடையது. மேலே யாரோ அவன் குரலில் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். சிரித்தார்கள். “அட ஆமாம்ப்பா, சார்ஜு இல்ல, இப்பத்தான் போட்டேன், நீ சொல்லு...”

மேரி செத்த அன்றைக்கு அவன் பேசிய அதே பேச்சு. அதே சிரிப்பு.

டொக். டொக். டொக்.

“இரு மேரி, வர்றேன். இன்னா அவசரம்?”

3.14. போனை எடுத்து டார்ச்சைப் போட்டான். சிக்னல் இல்லை. ஒரு நிமிஷம் எரிந்தது. அணைந்தது. காலையில் முழுசாக சார்ஜ் ஏற்றிய போன்.

இருட்டு.

கொதிக்கும் சத்தம் மட்டும்.

பிறகு... அவனுடைய மூச்சு இல்லாத இன்னொரு மூச்சு.

வலது பக்கம். மக்கு இருந்த பக்கம்.

ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

ஈரமான கை. தோல் அதன் மேல் நிலையாக இல்லை. வழுக்கியது. விரல் விரலாக அழுத்திப் பிடித்து, அவன் கையைச் சுவரோடு தூக்கிக்கொண்டு போனது. மெதுவாக. அவன் இழுத்துப் பார்த்தான். முடியவில்லை.

விரல்நுனியில் ஏதோ தட்டுப்பட்டது.

லைட் ஸ்விட்ச்.

“வேணாங்க்கா...”

முதல் தடவையாகக் கெட்ட நேரத்தில் ‘அக்கா’ வந்தது.

“யக்கா, நான் இன்னா பண்ணேன்? மழைன்னு மூடிக்கினது நீதான... கொசுவத்தி...”

ஸ்விட்ச் கொஞ்சம் அழுந்தியது.

“இல்ல! இல்ல! நான்தான்! மூடினது நான்தான்! பெட்டு நனையும்னு மூடினேன். காத்துல அடிச்சிக்கிச்சுன்னு கொண்டியும் போட்டேன்!”

அழுத்தம் நின்றது. கை எடுக்கவில்லை.

“ஃபேனு... ஃபேனு கெட்டுப்போச்சு...”

ஸ்விட்ச் பாதி இறங்கியது.

“கெடல! நான் புடுங்கினேன்! என் போனுக்கு சார்ஜு போடணும்னு ஃபேன் பிளக்க புடுங்கினேன்! மூணு தட்டு கேட்டுச்சு. ஒருதபா இல்ல, நாலுதபா கேட்டுச்சு. நான் பேசிக்கினே இருந்தேன்... பதினொரு நிமிசம் பேசிக்கினு இருந்தேன்க்கா! நீ உள்ள மூச்சு முட்டி, இருட்டுல லைட்ட போட்டுட்ட. கொசுவத்தி உன்னோடது இல்ல. ஆட்டோவுல இருந்து நான்தான் எடுத்தாந்து, கொளுத்தி அணைச்சு உள்ள வெச்சேன். உன்மேல தப்பே இல்ல. தப்பு பூரா என்னோடது!”

கொதிக்கும் சத்தம் நின்றது.

மழை நின்றது.

கை போய்விட்டது.

3.21. கொண்டி உரசியது. மூடி திறந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

மேலே மலர்விழி நின்றாள். ஒரு கையில் மெழுகுவத்தி. இன்னொரு கையில் தீப்பெட்டி.

அன்றைக்குத்தான் இருதயமேரிக்கு வருஷ நினைவு. காலையில் மாதா கோயிலில் பூசை வைத்துவிட்டு, அம்மா உயிர் விட்ட இடத்தில் ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைக்கலாம் என்று மகள் பஸ் ஏறி வந்திருந்தாள்.

“தீப்பெட்டி...” சேரன் அதைக் கைகாட்டினான். “மலரு... தீப்பெட்டிய தூக்கிப் போட்டுடும்மா. உள்ள பூரா காஸு.”

அவள் தீப்பெட்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவசரப்படவே இல்லை.

“எல்லாம் கேட்டுச்சு” என்றாள்.

சேரன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேலே வரத் தைரியமில்லை, கீழே போகவும் தைரியமில்லை.

“ஒரு வருசமா எங்க அம்மாவ எல்லாரும் வெவஸ்த கெட்டவன்னு பேசிக்கினு திரியுறாங்க. நீ சாவுக்கு வந்து மாலை போட்டுட்டு, அப்புறம் நின்னுக்கினு அதையேதான் சொன்ன.” அதுவரை அவள் அவனை ‘அண்ணா, வாங்க’ என்றுதான் பேசியிருக்கிறாள். “பேட்டரி கிட்ட தீ ஆகாதுன்னு எங்க அம்மா சொல்லிக் குடுத்துத்தான் என்ன வளத்துச்சு. அதனால நீ பொழச்ச.”

தீப்பெட்டியைத் தூரத்து மணலில் வீசினாள்.

“ஏறி வா. ஸ்டேஷனுக்குப் போலாம்.”

போனார்கள். இரண்டு பேருமே சொன்னார்கள். சேரனின் வலது மணிக்கட்டில் ஐந்து விரல் பதிந்த இடம் ஆசிட் பட்டது போல் வெந்திருந்தது. அதையும் எழுதிக்கொண்டு, கேஸ் போட்டு, சேரனை அன்றைக்கே ஜாமீனில் விட்டார்கள்.

மலர்விழி சொன்னதில் ஒன்றை மட்டும் போலீஸ்காரர்கள் எழுதவில்லை. தோப்புக்குள் நுழையும்போதே தளத்தில் சேரன் நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். சேரன் அன்று போட்டிருந்த அதே நீலச் சட்டை. முதுகைக் காட்டிக்கொண்டு, காதில் போனை வைத்துச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றானாம். உள்ளேயிருந்து கத்தலும் கேட்டிருக்கிறது. வேறு யாரையோ உள்ளே வைத்துப் பூட்டிவிட்டான் என்று பதறி ஏணி ஏறியிருக்கிறாள். ஏறி முடிக்கும்போது தளத்தில் யாருமில்லை. மூடியைத் திறந்தால், உள்ளே சேரன்.

மழையா? அன்றைக்குத் திண்டிவனம் வட்டாரத்திலேயே ஒரு துளி விழவில்லை.

பத்து நாள் கழித்து, அந்தப் பக்கத்து லைன்மேன் வேங்கடேசன் பேட்டரி வாங்கச் சேரன் கடைக்கு வந்தார். பேச்சுவாக்கில் கேட்டார். “அன்னைக்கு எப்படிப்பா அங்க சார்ஜு போட்ட? புதன்கிழம மாசாந்திர ஷட்டவுனு. காலைல ஒம்போதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் அந்த லைன்ல கரண்ட்டே கெடையாது. நான்தான கம்பத்து மேல நின்னேன்.”

ஃபேன் ஓடியதைச் சேரன் பார்த்திருக்கிறான். சிவப்பு விளக்கையும் பார்த்திருக்கிறான். போலீஸ்காரர்கள் படகில் எடுத்த போட்டோவையும் பார்த்திருக்கிறான். பன்னிரண்டு செல்லும் முழுசாக நிறைந்திருந்தன. பன்னிரண்டின் மேலும் 1265 என்று எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்னச் சிலுவை.

இதோடு முடிந்திருந்தால் நானும் முடித்திருப்பேன்.

நாய் வாலை நிமிர்த்த முடியுமா? ஆகஸ்ட்டில் சேரனுக்கு ஒரு வக்கீல் கிடைத்தார். காஸ் குடித்த மயக்கத்தில் உளறிவிட்டேன், மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று சொல்லச் சொன்னார். சேரனும் சொன்னான். கொசுவத்திக் கதை மறுபடி ஊரைச் சுற்ற ஆரம்பித்தது.

ஜூன் 25 அன்று தளத்திலிருந்து ஏணியில் இறங்கும்போது சேரனின் முதுகில் சாக்பீஸால் ஏதோ எழுதியிருந்ததை மலர்விழி பார்த்தாள். வேலையில் பட்ட கறை என்று விட்டுவிட்டாள். அன்று இரவு அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்த அவன் மனைவி கோவிந்தம்மாள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். 1120. கொண்டை வைத்த ஒன்று, சுழி வைத்த இரண்டு. கீழே சிலுவை இல்லை.

அவன் மாற்றிப் பேசிவிட்டு வந்த ஆகஸ்ட் நாளில், துவைத்து மடித்த வேறொரு சட்டையின் முதுகில் 1180. கோர்ட்டில் ‘நான் மூடவில்லை’ என்ற அன்று 1215. டீக்கடையில் யாரோ கேட்டதற்கு, “அந்தம்மாதான் கொசுவத்தி கொளுத்திச்சு” என்ற அன்று 1240.

“போதுங்க. உண்மைய சொல்லிட்டு வந்துடுங்க. எனக்கு பயமா இருக்குது” என்று கோவிந்தம்மாள் காலில் விழாத குறையாக அழுதாள். இதை என்னிடம் சொன்னவளும் அவள்தான்.

“பேஜாரு பண்ணாத. வக்கீல் பாத்துக்குவாரு” என்றானாம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவன் சட்டையே போடாமல் தூங்கி எழுந்தான். கோவிந்தம்மாள் காபியோடு வந்தவள் டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். எழுத்து அவன் முதுகுத்தோலிலேயே இருந்தது. தேய்த்தாலும் போகவில்லை.

1260.

அடுத்த வாய்தா வருகிற பன்னிரண்டாம் தேதி. கூண்டில் ஏறி, மூடியை மூடியது யார் என்று அவன் சொல்ல வேண்டும். நிறைவதற்கு இன்னும் ஐந்துதான் பாக்கி.

சிலுவை இன்னும் போடவில்லை.